அணிநடை நூற்றுவர்
ஒரு பல்கலைக்கழக வாத்தியக் குழுவின் வரலாறும் அது தரும் படிப்பினையும்

வரலாறு என்றவுடன் அரசரும் போரும் உடன்படிக்கைகளுமே நம் மாணவரின் நினைவிற்கு வருகின்றன. ஆனால் ஒரு நிறுவனத்தின் வழக்காறுகளும், ஒரு விழாவின் ஒழுங்குமுறையும், ஒரு வாத்தியக் குழுவின் நடையுங்கூட வரலாற்றுக்குரிய பொருள்களேயாம். ஒரு சமூகம் தன்னைப் பற்றி யாது எண்ணிற்று, பிறர் தன்னை எவ்வாறு மதித்தல் வேண்டுமென விரும்பிற்று என்பவற்றை அரசாங்க ஆவணங்களிலும் தெளிவாக இவை காட்டுவதுண்டு. அத்தகைய பொருளொன்றை எடுத்து ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அமெரிக்க ஐக்கிய நாட்டுப் பல்கலைக்கழகங்களில் அணிநடை வாத்தியக் குழு பெருமதிப்புப் பெற்றதொன்று. அந்நாட்டு முறையிலான உதைபந்தாட்டப் போட்டி நிகழும்போது, இடைவேளையில் சீருடை அணிந்த மாணவர் நூற்றுக்கணக்கானோர் எக்காளம், கிளாரினெற், பெருமுரசு முதலிய கருவிகளுடன் மைதானத்தினுட் புகுவர். இசைத்துக்கொண்டே நடந்து எழுத்துகளாகவும் உருவங்களாகவும் அணிவகுத்து நிற்பர். இக்குழுக்களுள் தனிப்புகழ் பெற்றது புளோரிடா வேளாண்மை, பொறிமுறைப் பல்கலைக்கழகத்தின் குழுவாகும். ‘அணிநடை நூற்றுவர்’ என்பது அதன் பெயர். நூற்றுவர் என்றதும் நம்மவர்க்குப் பாரதத்து நூற்றுவர் நினைவு வருதல் இயல்பு. அந்நினைவு முற்றிலும் பொருந்தாததன்று என்பது பின்னர்ப் புலனாகும்.

பாசறையிலிருந்து கல்லூரிக்கு

இசை முழங்கப் படை நடத்துதல் பண்டை நாகரிகங்கள் பலவற்றுக்கும் பொதுவானது. துருக்கிய உதுமானியப் பேரரசின் படை வாத்தியங்களைக் கேட்டு வியந்த ஐரோப்பியர், 18 ஆம் நூற்றாண்டில் அவற்றின் பெருமுரசையும் தாளத்தையும் தம் படைகளிற் சேர்த்துக்கொண்டனர். 19 ஆம் நூற்றாண்டிற் பித்தளைக் கருவிகளுக்கு அடைப்பிதழ்கள் பொருத்தப்பட்டபின், திறந்த வெளியிலும் முழுமையான இசையை வழங்குதல் எளிதாயிற்று. 1861 முதல் 1865 வரை நிகழ்ந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் இரு பக்கத்துப் படைகளிலும் வாத்தியக் குழுக்கள் பல இருந்தன.

அப்போர்க்காலத்திலேயே, 1862 ஆம் ஆண்டு, மொறில் சட்டம் எனப்படும் நிலக்கொடைச் சட்டம் நிறைவேறிற்று. மாநிலங்கள் தமக்கு அளிக்கப்பட்ட நிலங்களை விற்று, அப்பணத்தைக் கொண்டு வேளாண்மையும் பொறிமுறைக் கலைகளும் பயிற்றும் கல்லூரிகளை நிறுவுவதற்கு அது வழிசெய்தது. அக்கல்லூரிகளிற் படைப்பயிற்சியும் பாடமாதல் வேண்டுமென்பது சட்டத்தின் விதி. படைப்பயிற்சி இருந்தவிடத்து அணிநடை இருந்தது; அணிநடை இருந்தவிடத்து முரசும் எக்காளமும் வேண்டியிருந்தன. பாசறைக்குரிய வாத்தியம் கல்லூரி வாயிலுள் நுழைந்த வழிகளுள் இது தலையாயது. பின்னர் விளையாட்டுப் போட்டிகள் பெருக, அவ்வாத்தியம் மைதானத்திற்கு வந்தது. 1907 ஆம் ஆண்டிற் பேடியூ பல்கலைக்கழகக் குழுவினர் தம் நிறுவனப் பெயரின் முதலெழுத்து வடிவில் மைதானத்தில் அணிவகுத்து நின்றனர். இன்று எங்கும் காணப்படும் எழுத்தணிகளுக்கு அதனையே தொடக்கமாகக் கூறுவர்.

1890 ஆம் ஆண்டில் இரண்டாவது மொறில் சட்டம் வந்தது. மாணவரைச் சேர்ப்பதில் நிறவேறுபாடு காட்டும் மாநிலங்களுக்குப் பணம் வழங்கலாகாது என்று அது ஒரு வாயிலை அடைத்தது. கறுப்பின மாணவர்க்கெனத் தனிக் கல்லூரி நடத்தினாற் போதும் என்று மற்றொரு வாயிலைத் திறந்தும் விட்டது. தென் மாநிலங்கள் இரண்டாவது வாயிலையே நாடின. நிறவேறுபாட்டுக்கு அரண்செய்த அதே சட்டம், கறுப்பினத்தார் தமக்கென ஒரு கல்வி உலகைக் கட்டியெழுப்புவதற்கும் காரணமாயிற்று. வரலாற்றில் இத்தகைய முரண்கள் அரியனவல்ல.

தல்லகாசிக் குன்றின்மேல்

புளோரிடா மாநிலத் தலைநகராகிய தல்லகாசியிற் கறுப்பின மாணவர்க்கான ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி 1887 ஆம் ஆண்டு ஒற்றோபர் மாதம் 3 ஆந் திகதி தொடங்கிற்று. அன்று மாணவர் 15 பேர், ஆசிரியர் இருவர். 1891 இல் அது நகரத்துக் குன்றுகளுள் உயர்ந்ததோர் குன்றுக்கு இடம்பெயர்ந்தது. முன்னாளில் அடிமைகள் உழைத்த பெருந்தோட்டம் ஒன்றிருந்த நிலம் அது. அடுத்த ஆண்டே, அஃதாவது 1892 இல், அங்கு வாத்தியக் குழுவொன்று அமைந்தது. அடிமை நிலை சட்டப்படி ஒழிந்து 27 ஆண்டுகளே கழிந்திருந்த காலம் அது. அடிமைகளாயிருந்தோரின் மக்கள், அவர்தம் பெற்றோர் வியர்வை சிந்திய மண்ணில் நின்று பித்தளைக் கருவிகளை முழக்கினர். இக்காட்சியின் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

கல்லூரி 1909 இல் வேளாண்மை, பொறிமுறைக் கல்லூரி எனப் பெயர் மாறிற்று. 1953 இற் பல்கலைக்கழகமாயிற்று. இடைப்பட்ட காலத்திற் குழுவை நடத்தியோர் பலர். பொருள் வசதி குறைவாக இருந்தும் அவர் மரபை விடாது காத்தனர். ஜாஸ் இசையுலகிற் புகழ்பெற்ற யூலியன் அடேளி இக்கல்லூரியிற் பயின்றவரே. எனினும் குழுவுக்கு உலகப் புகழ் தேடித் தந்தவர் 1946 ஆம் ஆண்டில் வந்து சேர்ந்தார்.

போஸ்ரரின் வருகை

வில்லியம் பற்றிக் போஸ்ரர் 1919 ஆம் ஆண்டு கன்சாஸ் மாநிலத்திற் பிறந்தவர். இளமையிலேயே கிளாரினெற் வாசித்தலிலும் குழுவை நடத்துதலிலும் திறமை காட்டினார். கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் இசைக்கல்வி பயின்று 1941 இற் பட்டம் பெற்றார். ஆயின் அப்பல்கலைக்கழகத்தின் அணிநடைக் குழுவிற் சேர்வதற்கு அவருடைய நிறம் தடையாக நின்றது. படிப்பு முடியுந் தறுவாயிற் பொறுப்பான பதவியில் இருந்த ஒருவர் அவரை அழைத்து, கறுப்பினத்தார் இசைக்குழு நடத்துநராவதற்கு எங்கும் இடமில்லை. ஆதலின் அவ்வெண்ணத்தைக் கைவிடுக என அறிவுறுத்தினார் என்பதைப் போஸ்ரர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார்.

இவ்வாறு புறக்கணிக்கப்பட்டார் மூவகையாக நடத்தல் கூடும். சிலர் மனமுடைந்து விலகுவர். சிலர் சினத்திலேயே காலங்கழிப்பர். போஸ்ரர் மூன்றாம் வழியைத் தேர்ந்தார். தம்மைச் சேர்க்க மறுத்த குழுக்களுக்கு நிகரான, இயலுமாயின் அவற்றிலும் மேலான குழுவொன்றைக் கறுப்பினக் கல்லூரியில் உருவாக்குவதென உறுதிபூண்டார். அலபாமா மாநிலத்துத் தஸ்கீகி நிறுவனத்தில் இரண்டாண்டு பணியாற்றியபின் தல்லகாசிக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 26. அங்கிருந்தது சிறு குழுவே. சில ஆண்டுகளில் அதன் தொகை 100 ஆக உயர்ந்தது. ‘அணிநடை நூற்றுவர்’ என்ற பெயரும் நிலைத்தது. பின்னாளில் உறுப்பினர் பன்மடங்காகப் பெருகிய போதும் பழைய பெயர் மாறவில்லை.

போஸ்ரர் தாமும் கற்பதை நிறுத்தினாரல்லர். 1955 ஆம் ஆண்டிற் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற் கல்வியியற் கலாநிதிப் பட்டம் பெற்றார். அணிநடைக் கலைபற்றி 1968 இல் அவர் வெளியிட்ட நூல் அத்துறையிற் பாடநூலாக மதிக்கப்பட்டது. புறக்கணிக்கப்பட்ட ஒருவர் அத்துறைக்கே ஆசிரியரானார் என்பது கருதற்பாலது.

கலையும் ஒழுங்கும்

போஸ்ரர் செய்த புதுமை யாது? படைவீரர் நடை பொதுவாக நிமிடத்திற்கு 120 அடி. அவர் தம் மாணவரை நிமிடத்திற்கு 20 அடியளவில் மிக மெதுவாக, நீத்தாரைத் தொடர்ந்து செல்வோர் போல் நடக்கச் செய்தார். பின்னர் திடீரென 300 அடிக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடாக்குறையாக மைதானத்தைக் கடக்கச் செய்தார். முழங்காலை இடுப்பளவுக்கு உயர்த்தி நடக்கும் நடையை ஒருவர் தவறாது யாவர்க்கும் பழக்கினார். மக்கள் வானொலியிற் கேட்டு மகிழ்ந்த பாடல்களுக்கு அணிகுலையாமல் ஆடச் செய்தார். அதே மாணவர் மண்டபத்தினுள் அமர்ந்து ஐரோப்பியச் செவ்விசையையும் இசைத்தனர்.

இவற்றுள் ஆட்டமே பார்வையாளரை மிகவுங் கவர்ந்தது. எனினும் அதன் அடியில் இருந்தது கடும் பயிற்சி. ஓடி ஆடிக்கொண்டே ஊதுகருவியை வாசித்தல் எளிதன்று. மூச்சு, கால், கண், செவி என்னும் நான்கும் ஒருங்கே இயங்குதல் வேண்டும். ஒருவர் கால் பிழைப்பின் வரிசை முழுவதும் பிழைபடும். நூறு பேர் ஒருவராக நடத்தற்கு ஒவ்வொருவரும் தம் முனைப்பை அடக்குதல் வேண்டும். அவ்வாறு அடக்கிய பின்னரே ஒவ்வொருவருடைய திறமையும் வெளிப்படும். நம் கோயில் வீதியிலே நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்து வாசிப்பதைக் கேட்டோர்க்கு இவ்வுண்மை புதிதன்று.

கறுப்பினக் கல்லூரிகள் பலவற்றிலும் இத்தகைய குழுக்கள் வளர்ந்தன. லூயிசியானாவிலும் மிசிசிப்பியிலும் ரெனசியிலும் உள்ள குழுக்கள் தத்தமக்கெனத் தனி நடையை வகுத்துக்கொண்டன. அவற்றினிடையே நிகழ்ந்த போட்டியாற் கலை செழித்தது. இடைவேளையில் இருக்கைவிட்டு எழாத இரசிகர், ஆட்டம் மீண்டும் தொடங்கிய பின்னரே சிற்றுண்டி வாங்கச் செல்வர் எனக் கூறுவதுண்டு.

குழுவின் பணி

வாத்தியக் குழு வெறும் வேடிக்கைப் பொருளாக இருந்ததில்லை. முதலாவதாக, அது கல்விக்கு வழியாயிற்று. வசதியற்ற குடும்பத்துப் பிள்ளைகள் பலர் வாத்தியத் திறமையாற் புலமைப்பரிசில் பெற்றுப் பல்கலைக்கழகம் புகுந்தனர். அவருட் பலர் பட்டம் பெற்றுத் தென் மாநிலப் பாடசாலைகளிற் குழு நடத்தும் ஆசிரியராயினர். அவர் பயிற்றிய பிள்ளைகள் மீண்டும் தல்லகாசிக்கு வந்தனர். இவ்வாறு ஆசிரியர் மாணவர் பரம்பரையொன்று உருவாயிற்று.

இரண்டாவதாக, அது ஒரு சமூகத்தின் மாண்பை வெளிப்படுத்திற்று. 1956 ஆம் ஆண்டு மே மாதத்திலே தல்லகாசி நகரப் பேருந்தில் வெள்ளையர்க்குரியதாக வைக்கப்பட்ட இருக்கையில் அமர்ந்தமைக்காக இப்பல்கலைக்கழக மாணவியர் இருவர் கைதுசெய்யப்பட்டனர். மாணவர் பேருந்துகளைப் புறக்கணித்தனர். நகரத்துக் கறுப்பின மக்களும் அவரைப் பின்பற்றினர். பேருந்திற் பின்னிருக்கையே உனக்குரியது என்று சொல்லப்பட்ட இளைஞர், மைதானத்தின் நடுவே தலைநிமிர்ந்து நடந்ததைக் காண வந்தோர் இசையை மட்டுமா கேட்டனர்? தம் பிள்ளைகள் யார்க்கும் இளைத்தவரல்லர் என்பதையும் கண்ணாற் கண்டனர். சொற்பொழிவாற் கூறவியலாததை நடையாற் கூறியது அக்குழு.

மூன்றாவதாக, பிறர் மதிப்பும் தொடர்ந்து வந்தது. 1969 இல் மயாமி நகரில் நிகழ்ந்த தேசிய உதைபந்தாட்டப் பெரும்போட்டியின் இடைவேளையில் இக்குழு பங்குபற்றிற்று. கல்லூரி அணிநடைக் குழுக்களுக்குரிய உயர்ந்த விருதாகிய சட்லர் கிண்ணம் 1985 இல் இதற்கு வழங்கப்பட்டது. கறுப்பினக் கல்லூரியொன்று அதனைப் பெற்றது அதுவே முதன்முறை. 1989 ஆம் ஆண்டு யூலை 14 ஆந் திகதி, பிரெஞ்சுப் புரட்சியின் இருநூறாவது ஆண்டு விழாவிலே பாரிஸ் மாநகரப் பெருவீதியில் அமெரிக்க நாட்டின் சார்பில் நடந்து சென்றவரும் இந்நூற்றுவரே. சமத்துவத்தை முழங்கிய புரட்சியின் விழாவில், ஒரு காலத்திற் சமத்துவம் மறுக்கப்பட்டவரின் வழித்தோன்றல்கள் அந்நாட்டின் முகமாக நின்றனர்.

52 ஆண்டுகள் பணியாற்றிய போஸ்ரர் 1998 இல் ஓய்வு பெற்றார். 2010 ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்திற் காலமானார். இவ்விடத்தில் வரலாற்றை நிறுத்திவிடின் அது இனிய கதையாக முடியும். ஆனால் வரலாறு எழுதுவோன் இனியதை மட்டும் எழுதுதல் முறையன்று.

இருளில் வளர்ந்த மரபு

குழு பெருகப் பெருக, ஆசிரியர் கண்முன் நடந்த பயிற்சிக்குப் புறம்பாக வேறொரு ‘பயிற்சி’யும் வளர்ந்தது. ஒவ்வொரு கருவிப் பிரிவிலும் மூத்த மாணவர் புதியவரை அடித்தும் இழிவுசெய்தும் ‘தகுதி’ பார்த்தனர். நாம் பகிடிவதை என வழங்குவது அதுவே. அதற்கு உடன்படாதவர் மதிப்பிழந்தார்; உடன்பட்டவர் அடுத்த ஆண்டு அடிப்பவரானார். 1998 இலும் 2001 இலும் மாணவர் படுகாயமுற்று மருத்துவமனை சேர்ந்தனர். 2005 இற் புளோரிடா மாநிலம் கடும் பகிடிவதையைச் சிறைக்குரிய பெருங்குற்றமாக்கிச் சட்டமியற்றிற்று. எச்சரிக்கைகள் வழங்கப்பட்டன, சிலர் விலக்கப்பட்டனர், வழக்கம் மட்டும் ஒழியவில்லை.

2011 ஆம் ஆண்டு நவெம்பர் 19 ஆந் திகதி ஒர்லாண்டோ நகரில் ஆண்டுப் போட்டி முடிந்த இரவு, குழுவின் அணித்தலைவருள் ஒருவராகிய 26 வயது மாணவர், நிறுத்தப்பட்டிருந்த பேருந்தினுள் வரிசையாக நின்றவரின் அடிகளினூடே பின்புறம் வரை செல்லுமாறு விடப்பட்டார். சற்று நேரத்தில் மயங்கி வீழ்ந்து இறந்தார். பகிடிவதையை வெறுத்தவர் என அவரை அறிந்தோர் கூறினர். அத்தகையவரும், தம் தோழரிடத்து மதிப்புப் பெறுதற்கு இவ்வழி ஒன்றே உண்டு என எண்ணும் நிலை உருவாகியிருந்தது. இதுவே இந்நிகழ்ச்சியின் மிகக் கொடிய பகுதி. அரை நூற்றாண்டின் முன்னர்ப் பேருந்தில் எங்கும் அமரும் உரிமைக்காக மாணவர் சிறை சென்ற ஒரு பல்கலைக்கழகத்திலே, மற்றொரு பேருந்தின் பின்னிருக்கையை நோக்கிச் சென்ற மாணவர் தம் தோழர் கையாலேயே உயிரிழந்தார்.

குழுவின் பணிகள் நிறுத்தப்பட்டன. பயிற்சி முதல்வர் ஓய்வு பெற்றார். பல்கலைக்கழகத் தலைவர் 2012 இற் பதவி துறந்தார். குற்றஞ்சாட்டப்பட்டவருள் ஒருவர்க்கு 2015 இல் ஆறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. விசாரணைகளின்போது வெளிவந்த செய்தியொன்று சிந்திக்கற்பாலது. நானூற்றுக்கு மேற்பட்ட உறுப்பினருள் நூற்றுக்கு மேற்பட்டோர் குழுவுக்குரிய பாடநெறியிற் பதிவு செய்யப்படாதவர். குழுவில் இருப்பவர் யாவர் என்பதையே நிருவாகம் சரிவர அறிந்திருக்கவில்லை. புகழ் வளர்ந்த அளவுக்குக் கண்காணிப்பு வளரவில்லை.

2013 ஆம் ஆண்டு செத்தெம்பர் மாதம், அதே ஒர்லாண்டோ நகரில், புதிய முதல்வரின் கீழ்க் குழு மீண்டும் தோன்றிற்று. முன்னைய தொகையிற் பாதியும் இல்லை. முழுநேர மாணவர் மாத்திரமே உறுப்பினராகலாம், குறித்த தேர்ச்சி வேண்டும், இத்தனை ஆண்டுகளுக்கு மேற் குழுவில் நீடித்தலாகாது என்னும் விதிகள் வகுக்கப்பட்டன. அன்று தொட்டு அது மெல்ல வளர்ந்து 2022 இல் மீண்டும் பாரிஸ் மாநகரிலும் இசைத்தது.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் படிப்பினை யாது? மரபு என்ற ஒரே சொல்லால் நாம் இருவேறு பொருள்களைக் குறித்து வருகின்றோம். ஒன்று, ஆசிரியன் பலர் காணக் கற்பித்து, காரணங்காட்டி, மாணவனைத் தன்னிலும் உயர்த்த விரும்பிக் கையளிப்பது. மற்றொன்று, மூத்தவன் மறைவில் நடத்தி, ‘நாம் பட்டதை நீயும் படு’ என்று கூறிக் கையளிப்பது. முன்னதற்கு வேர் அன்பு. பின்னதற்கு வேர் அச்சம். தல்லகாசிக் குன்றில் இவ்விரண்டும் ஒரே சீருடை அணிந்து, ஒரே பெயரைத் தாங்கி, அருகருகே வளர்ந்தன. இரண்டாவதை முதலாவதென மயங்கியோரும், முதலாவதன் புகழ் குன்றுமோ என அஞ்சி இரண்டாவதைக் காணாதார் போன்று இருந்தோரும் உளர்.

பாரதத்து நூற்றுவர் அழிவுக்குக் காரணம் அவர் தீமை மட்டுமன்று. அநீதி நிகழ்ந்த அவையில் வீட்டுமனும் துரோணனும் போன்ற மூத்தோர் வாளாவிருந்தமையும் ஒரு காரணம். பெருமை மிக்க நிறுவனங்களுக்கு இவ்வாபத்து எப்போதும் உண்டு. நம் நாட்டிலும் 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியுள்ளது. ஆயினும் சட்டம் வாயில்வரை வரும்; உள்ளே வாழும் வழக்கத்தை மாற்றவேண்டியவர் உள்ளேயிருக்கும் ஆசிரியரும் மூத்த மாணவருமே.

போஸ்ரரைக் குழுவிற் சேர்க்க மறுத்தோர், இடம் பெறுதற்கு நீ தகுதியற்றவன் என்றனர். பேருந்தில் நின்றவரும் தம் தோழரை நோக்கி அதனையே வேறு வகையாற் கூறினர். அவமதிப்புக்கு விடையாக எழுந்த ஒரு மரபு அவமதிப்பையே தன்னுள் வளர்த்தல் தகாது. புதியவன் வாயிலில் வந்து நிற்கும்போது, அவனுக்குக் கருவியைக் கொடுத்து, அடிவைக்கக் கற்பித்து, வரிசையில் இடமும் கொடுத்தல் வேண்டும். அதனைச் செய்யும் நிறுவனத்தின் முரசொலி நெடுங்காலம் கேட்கும்.